மேட்டை விற்ற ஊர்கள்

நெதர்லாந்தின் வட கடலோரத்தில், ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் ஹெகபெயின்டம் என்றொரு சிற்றூர். அங்கே ஒரு மண்மேட்டின் உச்சியில் இடைக்காலத் தேவாலயம் நிற்கிறது. மேட்டின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 8.8 மீட்டர். அந்த நாட்டில் மனிதர் கையால் எழுப்பிய குடியிருப்பு மேடுகளில் இதுவே மிக உயர்ந்தது. தேவாலயச் சுவரை ஒட்டி நின்று கீழே பார்த்தால் மண் மெல்லச் சரிந்து இறங்குவதில்லை. வெட்டிவிட்ட மாதிரி செங்குத்தாக விழுகிறது. உண்மையிலேயே வெட்டப்பட்டதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மேட்டின் பெரும்பகுதியைத் தோண்டி, படகில் ஏற்றி, வயலுக்கு உரமாக விற்றுவிட்டார்கள். தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் சில வீடுகளும் இருந்த பகுதி மட்டும் தப்பியது.

இப்படிப்பட்ட மேட்டை அந்த மாகாணத்தில் 'தெர்ப்' என்பார்கள். இந்தச் சொல்லுக்கு ஆதியில் மேடு என்ற பொருளே கிடையாது. பழைய ஃபிரீசிய மொழியில் 'தெர்ப்' அல்லது 'தோர்ப்' என்றால் ஊர். ஜெர்மன் மொழியின் 'டோர்ஃப்', டச்சு மொழியின் 'தோர்ப்', ஐஸ்லாந்து மொழியின் 'தோர்ப்' ஆகிய எல்லாம் ஊரைக் குறிக்கும் அதே சொல்தான். ஸ்வீடனில் அது 'டோர்ப்' ஆகி, குத்தகைக் குடியானவனின் சிறு பண்ணையைக் குறித்தது. கோதிக் மொழியில் வயலைக் குறித்தது. இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் போன்ற ஊர்ப் பெயர்களின் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் அம்ரும் தீவில் 'வடக்கூர்' என்று பொருள்படும் நோர்டோர்ஃப் என்ற ஊரை, அந்தத் தீவின் ஃபிரீசியப் பேச்சில் 'நோர்சாரப்' என்கிறார்கள். அந்தச் 'சாரப்'பும் இதே சொல்தான். நாக்கில் தேய்ந்து அடையாளம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஊரைக் குறித்த சொல் ஃபிரீஸ்லாந்தில் மட்டும் மேட்டைக் குறிக்கத் தொடங்கியதற்குக் காரணம் எளிது. அங்கே களிமண் கடலோரத்தில் மேடு இல்லாமல் ஊர் இருக்க முடியாது. கடலணைகள் எழும்புவதற்கு முன் அந்த நிலம் முழுக்க உப்புச் சதுப்பு. பெரிய அலையேற்றம் வந்தால் எல்லாம் தண்ணீருக்குள். அதனால் ஊர் என்று சொன்னாலே மேட்டைத்தான் சொன்னார்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தேவைப்படவில்லை.

அண்டை வட்டாரங்கள் வேறு வேர்களிலிருந்து சொல் எடுத்தன. க்ரோனிங்கன் மாகாணத்தில் அது 'வீர்டே'. அங்கே இப்போது மக்கள் பேசுவது தாழ் சாக்சன். ஃபிரீசிய மொழி சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் கிராமங்களை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் மேட்டின் பெயர் மட்டும் ஃபிரீசியமாகவே தங்கியிருக்கிறது. கிழக்கே ஜெர்மன் கரையில் 'வுர்ட்' என்கிறார்கள். பழைய சாக்சனில் நிலம், தரை என்று பொருள் தந்த சொல் அது. இன்னும் வடக்கே 'வார்ஃப்', 'வார்ஃப்ட்'. இதன் வேர் திரும்புதல், சுற்றிவருதல், நடமாடுதல் என்ற பொருளுடையது. கப்பல் கட்டும் தளத்துக்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் 'வெர்ஃப்ட்', துறைமுக மேடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'வார்ஃப்', தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பண்ணைவீட்டு முற்றத்தைச் சொல்லும் 'வெர்ஃப்' ஆகியவை இதன் உறவுகள். ஆள் நடமாட வறண்ட தரை என்பதே எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் எண்ணம்.

ஊர்ப்பெயர்களில் இந்தச் சொற்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன. ஃபிரீஸ்லாந்தின் தலைநகரான லேவார்டன் மூன்று மேடுகள் சேர்ந்து வளர்ந்த நகரம். அதன் பெயரில் வரும் 'வார்டன்' மேட்டுச் சொல்தான். பிரேமர்ஹாஃபன் நகருக்கு வடக்கே லாண்ட் வுர்ஸ்டன் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. 'வுர்ட்சாத்தன்', அதாவது மேட்டுக்குடிகள் என்ற பெயர் குறுகி 'வுர்ஸ்டன்' ஆனது. ஒரு மக்கள் கூட்டம் தன் காலடி மண்ணின் உயரத்தாலேயே அறியப்பட்டது.

இந்த மேட்டுவாசிகளை நேரில் பார்த்து எழுதிய முதல் ஆள் ரோமானியரான மூத்த பிளினி. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் அவர் ஜெர்மானியாவில் படைத்தலைவராக இருந்தார். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும் அந்த நிலத்தில், கையால் குவித்த மேடுகளின் மேல் குடிசை போட்டு வாழ்ந்த கௌகி இனத்தாரைத் தன் 'இயற்கை வரலாறு' நூலின் 16ஆம் பகுதியில் விவரித்திருக்கிறார். நீர் ஏறியபோது அவர்கள் கப்பலோட்டிகளைப் போலவும், வடிந்தபோது கப்பல் உடைந்து கரையொதுங்கியவர்களைப் போலவும் அவருக்குத் தெரிந்தார்கள். மாடு இல்லை, பால் இல்லை, குடிக்க வீட்டு வாசலில் சேர்த்துவைத்த மழைநீர், அடுப்பெரிக்கக் காற்றில் காயவைத்த சேறு. இவ்வளவு ஏழ்மைப்பட்டும் ரோமுக்கு அடங்குவதை அடிமைத்தனம் என்கிறார்களே என்று வியந்தார்.

மழைநீர் பற்றிச் சொன்னது சரி. மாட்டைப் பற்றிச் சொன்னது தவறு. க்ரோனிங்கனில் எசிங்க என்ற ஊரின் வீர்டேயை 1923 முதல் 1934 வரை அகழ்ந்த ஆல்பர்ட் வான் கிஃபன், மேட்டுக்குள் வீட்டின் மேல் வீடாக அடுக்கடுக்காகக் கண்டார். பின்னிய மிளார்ச் சுவர்கள் சாணத்துக்கும் களிமண்ணுக்கும் நடுவே அழுகாமல் நின்றன. ஒரே கூரையின் கீழ் ஒரு முனையில் மனிதர், மறுமுனையில் வரிசையாக மாட்டுத் தொழுவம். லாண்ட் வுர்ஸ்டனில் ஃபெடர்சன் வீர்டே என்ற கைவிடப்பட்ட மேட்டை 1955 முதல் 1963 வரை வெர்னர் ஹார்னாகல் அகழ்ந்தபோதும் இதே கதைதான். கி.மு. முதல் நூற்றாண்டில் தொடங்கி கி.பி. ஐந்தாம் நூற்றாண்டு வரை அந்த ஊர் இருந்தது. தொடக்கத்தில் வீட்டுக்கு ஒரு சிறு திட்டு. பிறகு திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே ஊர்மேடு. தலைமுறைக்குத் தலைமுறை அது நிமிர்ந்துகொண்டே போனது.

அந்த மேடுகள் எதனால் ஆனவை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புல்கட்டி, களிமண், அடுப்புச் சாம்பல், குப்பை, எல்லாவற்றுக்கும் மேலாக மாட்டுச் சாணம். பல நூற்றாண்டுச் சாணம் மக்கி இறுகிய மண்ணில் பாஸ்பேட் செறிந்திருந்தது. மேட்டைக் காப்பாற்றிய பொருளே பின்னால் அதன் விலையாயிற்று.

கி.பி. 1000க்குப் பிறகு கடலோரத்தில் கடலணைகள் எழும்பத் தொடங்கின. ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் ஃபிரீசியக் கரையின் பெரும்பகுதியை அணைகள் வளைத்துக்கொண்டன. அணைக்குப் பின்னால் இருந்தவனுக்கு மேடு அவசியமில்லாமல் போயிற்று. புதிய வீடுகள் தாழ்ந்த தரையில் வந்தன. மேடு ஏறி இறங்குவது தொல்லையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணற்பாங்கான நிலங்களையும் கரிச்சேற்று நிலங்களையும் வளப்படுத்த உரம் தேடியவர்கள் வந்தபோது, மேட்டு மண்ணுக்குச் சந்தை உருவானது. வாய்க்கால் வெட்டிப் படகை மேட்டின் அடிவாரம்வரை கொண்டுவந்தார்கள். தண்டவாளம் போட்டு மண்வண்டி தள்ளினார்கள். வெட்டுகிறவன் மண்வெட்டியில் எலும்பும் பானையோடும் சீப்பும் சிக்கின. விலைபோவது போயிற்று, மற்றவை படகேறின. ஃபிரீஸ்லாந்து, க்ரோனிங்கன் இரண்டிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட மேடுகள் இருந்தன. அவற்றில் பலவற்றை முழுதாகவோ பாதியாகவோ விற்றுத் தீர்த்தார்கள். இந்த வியாபாரம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நடந்தது. வான் கிஃபன் 1916இல் மேட்டாய்வுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியதே, வெட்டி முடிப்பதற்குள் முடிந்தவரை பதிவு செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான்.

டச்சு மொழி முழுமைக்கும் 'தெர்ப்' என்ற சொல் அறிமுகமானது இந்த மண் வியாபாரம் நடந்த நூற்றாண்டில்தான். ஃபிரீசிய மொழியிலிருந்து பொது டச்சுக்கு அது வந்து சேர்ந்தபோது, தோண்டத்தக்க மேடு என்ற பொருளோடு வந்தது. அதில் வசிக்கிற ஊர் என்ற பழைய பொருள் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இன்று சராசரி டச்சுக்காரர் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில், முன்னோர் வாழ்ந்த விதம் என்ற பாடத்தில் சந்திக்கிறார். என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டின் பெயர் பழங்கதைக்குள் போய்விட்டால், அந்த ஏற்பாட்டையும் பழங்கதையாகவே எண்ணி விற்கத் துணிவு வருகிறது.

பெயரை நம்பி நிலத்தை எடைபோடுகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஃபிரீஸ்லாந்தின் தென்கிழக்கில் யூரெதெர்ப், ஓல்தெர்தெர்ப் என்ற ஊர்கள் இருக்கின்றன. வரைபடத்தில் பார்ப்பவர் அங்கே மேடு இருக்கும் என்றுதான் நினைப்பார். இல்லை. அவை இயற்கையாகவே உயர்ந்த மணல் நிலத்து ஊர்கள். பெயரில் இருப்பது ஊர் என்ற பழைய பொருள். உண்மையான மேடுகளின் மேல் நிற்கும் ஊர்களில் பலவற்றின் பெயரிலோ தெர்ப் என்ற சொல்லே வராது: ஹெகபெயின்டம், வைனால்டம். தெற்கே ஸீலாந்து மாகாணத்தில் இன்னொரு குழப்பம். அங்கே வயல் நடுவே நிற்கும் வட்ட மேடுகளை 'ஃப்லீட்பெர்க்' என்கிறார்கள். வெள்ளத்துக்குத் தப்பியோடும் குன்று என்று பொருள். ஆராய்ந்து பார்த்ததில் அவற்றில் பெரும்பாலானவை 11, 12ஆம் நூற்றாண்டுகளில் சிறு பிரபுக்கள் காவலுக்கு எழுப்பிய கோட்டை மேடுகள். உச்சியில் ஒரு குடும்பமும் சில காவலரும் நிற்கலாம். ஊரும் மந்தையும் ஏற இடமில்லை. பெயர் தந்த நம்பிக்கையை வைத்துத் திட்டம் போட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அணை இருக்கிறதே என்ற நிம்மதியில் தரையைத் தாழ்த்துவது புதிய பழக்கம் இல்லை. ஜெர்மனியின் வட ஃபிரீசியாவில் ருங்ஹோல்ட் என்ற வணிக ஊர் 1362 ஜனவரியில் ஒரே புயல்வெள்ளத்தில் அழிந்தது. 'பெரும் ஆள்மூழ்கடிப்பு' என்று பொருள்படும் ஒரு தாழ் ஜெர்மன் பெயரால் அந்த வெள்ளத்தை அந்த மக்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் உப்பு ஊறிய கரிச்சேற்றைத் தோண்டி, எரித்து, சாம்பலிலிருந்து உப்பெடுத்து விற்றுப் பிழைத்தார்கள். தோண்டத் தோண்ட அணைக்குள் இருந்த நிலம் தாழ்ந்தது. அணை உடைந்தபோது உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவில்லை. ருங்ஹோல்ட் வெறும் கட்டுக்கதை என்று சொன்னவர்களும் உண்டு. 2023இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஸூட்ஃபால் என்ற சிறு தீவுக்கு அருகே, கடல் வடியும் சேற்றுக்கு அடியில், இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாகப் புதைந்திருந்த வார்ஃப்ட் மேடுகளைக் காந்த அளவீட்டில் கண்டார்கள். அவற்றில் ஒன்றின் மேல் ஏறக்குறைய 40 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட தேவாலயத்தின் அடித்தளம் இருந்தது. அந்த வட்டாரத்தில் இதுவரை பதிவான மேடுகள் 54. மேடு இருந்தும் ஊர் போயிற்று. சுற்றியிருந்த நிலத்தைத் தாங்களே தாழ்த்திவிட்டால், முன்பு போதுமாயிருந்த மேடு போதாமல் போகும்.

வெள்ளம் ஊரை மட்டும் கொண்டுபோவதில்லை, பேச்சையும் கொண்டுபோகும். 1634 அக்டோபர் 11 இரவு வந்த வெள்ளம் அதே கரையின் ஸ்ட்ராண்ட் என்ற பெரிய தீவை உடைத்துத் துண்டாக்கியது. அந்தத் தீவில் மட்டும் 6,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். டச்சு நீர்ப்பொறியாளர் யான் அத்ரியான்ஸ்ஸோன் லேக்வாட்டர் அன்று அந்தக் கரையில் வேலையில் இருந்தார். மாலையில் காற்று முறுக்குவதைப் பார்த்து, தாழ்ந்திருந்த தன் குடிலை விட்டு மகனோடு அணையின் மேல் இருந்த பெரிய வீட்டுக்குப் போனார். அதனால் பிழைத்து, அந்த இரவைப் பற்றி எழுதிவைத்தார். சில மீட்டர் உயரம் ஒரு பொறியாளரின் உயிரைக் காத்தது.

உயிர் பிழைத்த தீவுவாசிகளுக்கு அடுத்த அடி சட்டத்தின் வழியாக வந்தது. அந்தக் கரையோரத்தில் மண்வெட்டிச் சட்டம் என்று ஒன்று நடைமுறையில் இருந்தது. தன் பங்கு அணையைப் பராமரிக்க முடியாதவன் அணையில் மண்வெட்டியைக் குத்திவைத்துவிட்டு நிலத்தை விட்டுப் போக வேண்டும். அதைப் பிடுங்குகிறவனுக்கு நிலமும் சொந்தம், அணை வேலையும் சொந்தம். ஸ்ட்ராண்டின் எச்சமான நோர்ட்ஸ்ட்ராண்டில் மிஞ்சியவர்களால் அணையை மீண்டும் கட்ட முடியவில்லை. 1652இல் அந்நாட்டுப் பிரபு, பணமும் ஆளும் கொண்டுவந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு நிலத்தைப் பட்டயமாக எழுதிக்கொடுத்தார். பழைய குடிகள் சிதறிப்போனார்கள். ஸ்ட்ராண்ட் தீவின் ஃபிரீசியப் பேச்சு வகை அதோடு தேய்ந்து அழிந்தது.

ஜெர்மனியின் வாங்கரோகே தீவின் கதை இன்னும் அண்மைக் காலத்தில் நடந்தது. அந்தத் தீவின் ஃபிரீசியம் மற்ற ஃபிரீசியப் பேச்சுகளிலிருந்து வெகுவாக விலகி நின்ற பழைமையான பேச்சு. 1837க்கும் 1841க்கும் இடையில் ஹைன்ரிஷ் ஜார்ஜ் ஏரன்ட்ரவுட் என்பவர் தீவுக்குப் போய், அங்கிருந்தவர்களின் வாயிலிருந்தே சொற்களையும் கதைகளையும் எழுதிக்கொண்டார். நல்ல நேரத்தில் போனார். 1854 டிசம்பர் 31ஆம் தேதி இரவு தொடங்கிய புத்தாண்டு வெள்ளம் தீவின் மேற்கே இருந்த ஊரை நாசமாக்கியது. ஒரு பகுதியினர் தீவின் கிழக்கே போனார்கள். மற்றவர்களில் பலர் பெருநிலத்தில் ஃபாரல் என்ற ஊரின் துறைமுகத்தருகே குடியேறினார்கள். பேசுகிறவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பிள்ளைகள் அக்கம்பக்கத்து மொழிக்கு மாறினார்கள். 1950இல் கடைசியாகப் பேசியவர்களும் இறந்தார்கள். இன்று அந்த மொழியை அறிய ஏரன்ட்ரவுட்டின் பதிவுகளே முதன்மை ஆதாரம். வட ஃபிரீசியம் இன்றும் பேசப்படுகிறது; ஆனால் யுனெஸ்கோ அதைக் கடுமையாக அழியும் நிலையில் உள்ள மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. அதிலும் ஹாலிக் தீவுகளின் பேச்சு மிக நலிந்தது.

ஹாலிக் என்பது பெரிய கடலணை இல்லாத தாழ்ந்த புல்தீவு. ஜெர்மனியின் வட ஃபிரீசியக் கரைக்கு அப்பால் இப்படிப் பத்துத் தீவுகள். வீடுகள் எல்லாம் வார்ஃப்ட் மேல் இருக்கின்றன. புயலில் கடல் ஏறும்போது புல்வெளி முழுவதும் மறைந்து மேடுகள் மட்டும் நிற்கும். அதற்கு அங்கே 'லாண்டுன்டர்' என்று பெயர். நிலம் கீழே போயிற்று என்கிற அர்த்தம். சில ஹாலிக்குகளில் ஆண்டுக்குப் பல தடவை இது நடக்கிறது. எச்சரிக்கை வந்ததும் மாடுகளையும் ஆடுகளையும் மேட்டுக்கு ஓட்டிவிடுகிறார்கள். மேட்டின் நடுவில் மழைநீர் தேங்கும் குளம், 'ஃபேதிங்'. மனிதர் குடிக்கத் தனித் தொட்டி, 'ஸோட்'. பிளினி வாசலில் பார்த்த மழைநீர்ச் சேமிப்பு இருபதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. 1962 பிப்ரவரிப் புயலில் கடல் ஃபேதிங்குகளுக்குள் புகுந்து உப்பாக்கிய பிறகுதான் பெருநிலத்திலிருந்து குடிநீர்க் குழாய் போட்டார்கள்.

அங்குள்ள பழைய வீடுகளைக் கட்டிய முறையைக் கவனிக்க வேண்டும். கூரையைச் சுவர் தாங்குவதில்லை. மேட்டுக்குள் ஆழ ஊன்றிய மரத்தூண்கள் தாங்குகின்றன. அலை சுவரை உடைத்தாலும் பரணில் ஏறிய குடும்பம் விழாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். 1825 பிப்ரவரியில் வட கடலோரம் முழுவதிலும் சுமார் 800 பேரைக் கொன்ற வெள்ளம் ஹாலிக்குகளைச் சூறையாடியது. அதே ஆண்டு கோடையில் டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடரிக் சேதத்தைப் பார்க்க வந்து, ஹோகே தீவின் ஹான்ஸ்வார்ஃப்ட் மேட்டில் ஒரு கப்பல் கேப்டனின் வீட்டில் இராத் தங்கினார். அந்த அறை இன்றும் காட்சிக்கு இருக்கிறது. இப்போதைய வீடுகளில் மரத்தூணுக்குப் பதில் கான்கிரீட் தூண்கள். அவற்றின் மேல், வீடு இடிந்தாலும் நிற்கக்கூடிய ஓர் அடைக்கல அறை. இந்த ஊர்களில் வார்ஃப்ட் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. அதன் மேல் படுத்துத் தூங்குகிறார்கள்.

ஆனால் அவர்களுக்கும் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஹாலிக் ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் வண்டல் வாங்கி வளரும் நிலம். கரையரிப்பைத் தடுக்க ஓரத்தில் கல்பதித்து, சிறு கோடை அணை போட்ட பிறகு வண்டல் வரத்துக் குறைந்தது. அலையேற்ற மட்டம் உயரும் வேகத்துக்கு நிலம் உயரவில்லை என்று அளவீடுகள் காட்டுகின்றன. அதனால் லாங்கனெஸ் தீவின் ட்ராய்பெர்க், ஹோகேயின் ஹான்ஸ்வார்ஃப்ட் ஆகிய மேடுகளை ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு உயர்த்தி அகலப்படுத்தும் வேலையில் இறங்கியது. மேட்டு மண்ணுக்கு இப்போது அரசு பணம் கொடுக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அண்டை நாட்டில் வெட்டி விற்றார்கள்.

உலகக் கடல்மட்டம் 2100ஆம் ஆண்டுக்குள் எவ்வளவு உயரும் என்பதற்கு, பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு 2021இல் தந்த கணிப்பு இது: உமிழ்வை மிக வேகமாகக் குறைத்தால் 0.28 முதல் 0.55 மீட்டர், மிக அதிகமாக விட்டால் 0.63 முதல் 1.01 மீட்டர். பனிப்பாறைகள் எதிர்பாராத விதமாகச் சரிந்தால் இதையும் தாண்டும் வாய்ப்பை அந்தக் குழு ஒதுக்கிவிடவில்லை. இது கடல் உயரும் கணக்கு. நிலம் தாழும் கணக்கு தனி. நெதர்லாந்தின் பரப்பில் 26 விழுக்காடு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நீரை இறைத்து வறளவைத்த கரிச்சேற்று நிலம் காற்றுப்பட்டு மக்கிச் சுருங்குகிறது. சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்வரை. க்ரோனிங்கனில் எரிவாயு எடுத்ததால் தரை அமிழ்ந்ததோடு நிலநடுக்கமும் சேர்ந்துகொண்டது. 2012 ஆகஸ்ட் 16 அன்று 3.6 அளவில் ஏற்பட்ட பெரிய அதிர்வின் மையம் ஹுய்சிங்க. அது ஒரு வீர்டே ஊர். ஈராயிரம் ஆண்டு கடலைத் தாங்கிய மேடுகளின் மேலிருந்த பழைய வீடுகளிலும் தேவாலயங்களிலும் விரிசல் விழுந்தது. 2024இல் அங்கே எரிவாயு எடுப்பதைச் சட்டத்தால் நிரந்தரமாக நிறுத்தினார்கள். தாழ்ந்த தரை மீண்டும் எழாது.

அணைகளைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. 1953 பிப்ரவரி 1 அன்று நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்த பிறகு அந்த நாடு கட்டியவை உலகத்தரமானவை. அதன்பின் அங்கே கடல்வெள்ளத்தில் உயிரிழப்பு நேரவில்லை. 2017 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, அணைக்குப் பின்னால் வசிக்கும் எவருக்கும் வெள்ளத்தால் சாகும் வாய்ப்பு ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. 2050க்குள் அந்த நிலையை எட்ட வேண்டும். நான் சொல்வது வேறு. அணை என்பது ஒரே கோடு. அது ஓரிடத்தில் உடைந்தால் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர். மேடு அப்படியல்ல, ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும். பழைய கடலோரத்தார் பல காலம் இரண்டையும் வைத்திருந்தார்கள். இரண்டில் ஒன்றை விற்றுத் தின்றது பிறகு வந்தவர்கள்.

அந்த இரட்டைக் காவலை மீட்கும் முயற்சிகள் சில இடங்களில் நடக்கின்றன. பழைய சொற்கள் திட்ட ஆவணங்களில் மறுபடி தலைகாட்டுகின்றன. 1962 புயலில் 315 பேரைப் பறிகொடுத்த ஹாம்பர்க் நகரம், அணைக்கு வெளியே ஹாஃபன்சிட்டி என்ற புதிய நகர்ப்பகுதியைக் கட்டியபோது கடல்மட்டத்துக்கு 8 முதல் 9 மீட்டர் உயரத்தில் செயற்கை மேடுகளை எழுப்பி அவற்றின் மேல் கட்டடம் வைத்தது. நகர்த்திட்டக்காரர்கள் அவற்றை வார்ஃப்ட் என்றே அழைக்கிறார்கள். நெதர்லாந்தின் தெற்கே ஓவர்டீப்ஸ பண்ணை நிலத்தில், ஆற்றுவெள்ளத்துக்கு வழிவிட அணையைத் தாழ்த்த வேண்டியிருந்தது. 17 பண்ணைக் குடும்பங்களில் தங்கியவர்களுக்காக 8 புதிய மேடுகள் எழுந்தன. மேடுகட்டும் யோசனையைச் சொன்னவர்கள் அந்தக் குடியானவர்களே. ஃபிரீசிய மொழி ஒருநாளும் பேசப்படாத பிரபான்ட் மாகாணத்தில், அந்த மேடுகளுக்குத் தெர்ப் என்றே பெயர்.

எதிர்த் திசையிலும் வேலை நடக்கிறது. ராட்டர்டாமுக்கு வடகிழக்கே ஸுய்ட்பிளாஸ் பகுதியில் 8,000 வீடுகள் கொண்ட புதிய ஊர் ஒன்று திட்டமாகியிருக்கிறது. நெதர்லாந்தின் மிகத் தாழ்ந்த புள்ளி, கடல்மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே, அதே வட்டாரத்தின் நியூவர்கெர்க் ஊரருகே இருக்கிறது. 1953 வெள்ள இரவில் அந்த ஊரின் ஆற்றணை உடைந்து, தென் ஹாலந்தின் லட்சக்கணக்கான மக்கள் மேல் கடல் பாய இருந்தது. அரி எவெக்ரூன் என்ற படகுக்காரர் தன் சரக்குப் படகை உடைப்பில் செலுத்தி அடைத்ததால் தப்பியது. புதிய ஊரின் திட்டத்துக்கு வெகுநாள் வழங்கிய பெயர் 'ஃபைஃப்டே தோர்ப்', ஐந்தாவது ஊர். இதில் வரும் 'தோர்ப்'பும் 'தெர்ப்'பும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். அந்த 8,000 வீடுகளில் எத்தனை வீடுகளின் தளம் வெள்ளம் எட்டாத உயரத்தில் அமைகிறது, அணை உடைந்தால் எவ்வளவு நேரத்தில் எந்த உயரத்துக்குத் தண்ணீர் வரும், நடக்கும் தூரத்தில் ஏறி நிற்க மேடு எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கிடைத்த பிறகே அங்கே வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.